பூட்டி இருக்கு சார்

அரைநாள் சம்பளம் போனால் போகட்டும் என்று
பத்தொன்பதாம் நம்பர் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு வந்தேன்.
சோழிங்கநல்லூரிலிருந்து துரைப்பாக்கம் சிக்னல் வரைக்கும்
ஒரே வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்:
"மன்னிச்சிடுங்க மேடம், இனிமே பேசமாட்டா."

பெரிய மேடம் அறையில் மின்விசிறி
அரை உயிரோடு சுற்றியது.
மூலையில் லத்திகா.
ஒரு பக்கத்து ரிப்பன் அவிழ்ந்து தொங்கியது.
அழுதிருக்கிறாளா என்று பார்த்தேன்.
இல்லை.
அதுதான் அவர்களுக்குக் கோபம்.

நேற்று ஆய்வுக்கு அதிகாரி வந்தாராம்.
வாசலில் கோலமாம், வராந்தாவெல்லாம் பினாயில் வாசனையாம்.
"பாத்ரூம்லாம் நல்லா இருக்கா பசங்களா?"
ஒரு வாரமாகப் பழக்கிய நாற்பத்தொரு வாய்கள்
"நல்லா இருக்கு சாஆஆர்" என்று இழுத்தனவாம்.
இழுத்து முடித்து மூச்சு வாங்கிய
அந்தத் துளி இடைவெளியில்
இவள் எழுந்து நின்றாளாம்.
"பூட்டி இருக்கு சார்.
யாராவது வந்தா மட்டும்தான் திறப்பாங்க.
சாவி பெரிய மேடம் டிராயர்ல இருக்கு,
பிஸ்கட் டப்பாவுக்குப் பின்னாடி."

சாவியைச் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொள்வாராம்.
பிஸ்கட் டப்பாவை எதற்குச் சொல்ல வேண்டும்?

"முளைச்சு மூணு இலை விடல.
பொம்பளப் புள்ளைக்கு இவ்ளோ வாயா?
வீட்ல கண்டிச்சு வளர்க்கணும்மா."

கண்டிக்கிறேன் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன்.
அப்போது பார்த்தேன்,
அவள் இடுப்போடு அணைத்திருந்த நீலத் தண்ணீர் பாட்டிலை.
மணி ரெண்டரை.
காலையில் கழுத்துவரை நிரப்பிக் கொடுத்தது
கழுத்துவரை அப்படியே.

எத்தனை சாயங்காலம் அதைக் கவிழ்த்துக் கொட்டியிருக்கிறேன்.
'லாரிக்குக் கால்கடுக்க நின்னு பிடிச்ச தண்ணி,
ஒரு வாய் குடிச்சா என்னடி கேடு' என்று
எத்தனை குட்டு.
அடிவயிறு வலிக்கிறது என்றாள் ஒருநாள்.
சீரகத் தண்ணி போட்டுக் கொடுத்தேன்.
காரணத்தையும் சொல்லியிருப்பாள்.
சும்மா இரு என்றிருப்பேன்.
நினைவில்லை.

நான் வேலை செய்கிற கண்ணாடிக் கட்டடத்தில்
ஆறாவது மாடிக் கழிவறையை
ஒரு நாளைக்கு நாலு தடவை துடைக்கிறேன்.
முகம் பார்க்கலாம் தரையில். என் முகத்தையும்தான்.
எனக்கு அவசரம் என்றால்
கார் நிறுத்தும் கீழ்த்தளத்துக்குப் போகவேண்டும்.
லிப்டில் போகக்கூடாது.
மூணு இலை என்ன,
முப்பத்துநாலு இலை விட்டாயிற்று.
ஏன் என்று ஒருத்தரையும் ஒருநாளும் கேட்டதில்லை.
என் பாட்டிலும்
நிறைந்தேதான் வீட்டுக்கு வருகிறது.

பஸ்ஸில் பழகிய வாக்கியம்
இறங்கவேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டது.
"பொய்யா சொன்னா மேடம்?"
யார் பேசுவது என்று நானே ஒரு கணம் திகைத்தேன்.
யாரும் பதில் சொல்லவில்லை.
எல்லாரும் டிராயரைத்தான் பார்த்தோம்.

வெளியே வெயில்.
மெட்ரோ வேலைக்கு மறைத்த தகரங்களை ஒட்டி நடந்தோம்.
"வீட்டுக்குப் போனதும் அடிப்பியாம்மா?"
தள்ளுவண்டியில் எலுமிச்சை சோடா வாங்கிக் கொடுத்தேன்.
பாதி குடித்துவிட்டுத் தயங்கினாள்.
"முழுசும் குடி. வீட்டுக்குத்தானே போறோம்."

பூட்டு இன்னும் திறக்கவில்லை.
திங்கட்கிழமை ரெண்டு பேர் கூட எழுந்து நிற்பார்களாம்,
பெயரெல்லாம் சொன்னாள்:
ரிஸ்வானா, கடைசி பெஞ்ச் ஜெபசீலி.
ஜெபசீலிக்குக் கொஞ்சம் பயமாம்.
ஆனால் குரல் பெரிசாம்.

சோடா மூக்கில் ஏறி அவள் தும்மிக்கொண்டிருந்தாள்.
நான் ஆறாவது மாடியை நினைத்துக்கொண்டிருந்தேன்.
எங்கள் சூப்பர்வைசரின் டிராயரில்
என்ன டப்பா இருக்கும்?